பெயரும் பக்குவமும்: நைஜீரியாவிலும் திருவிதாங்கூரிலும் மரவள்ளி

முன்னுரை

ஒரு பயிர் கடல் கடந்து வேற்று நிலத்திற்குச் செல்லும்போது அதன் பெயரும் அதனைச் சமைக்கும் முறையும் உடன்செல்லும் என்று கொள்வதற்கில்லை. சில பயிர்கள் தாயகத்துப் பெயரோடு வருகின்றன. சில, வந்த இடத்தில் புதிய பெயர் பெறுகின்றன. சிலவற்றின் பெயரும் பக்குவமும் வெவ்வேறு வழிகளில் வந்து ஓரிடத்தில் சேர்கின்றன. தென்னமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட மரவள்ளி இம்மூன்று நிலைகளையும் ஒருங்கே காட்டும் பயிராகும்.

இன்று உலகில் மிகுதியாக மரவள்ளி விளைவிக்கும் நாடு நைஜீரியா. காரி, எபா, ஃபூஃபூ என அந்நாட்டு இல்லங்களில் நாள்தோறும் உண்ணப்படும் உணவுகளுக்கு இக்கிழங்கே அடிப்படை. திருவனந்தபுரத்தைத் தலைநகராகக் கொண்டிருந்த பழைய திருவிதாங்கூரிலும் இதுவே ஏழை எளியோரின் உணவாக நெடுங்காலம் விளங்கியது. இவ்விரு நிலப்பகுதி மக்களும் ஒருவரையொருவர் அறிந்திராத நிலையில் அதே கிழங்கைப் பெற்றனர், அதற்குப் பெயரிட்டனர், அதன் நஞ்சை நீக்கும் வழியைக் கண்டனர். பெயரிடலில் இருவரும் வியக்கத்தக்க அளவு ஒன்றுபட்டும், பக்குவத்தில் பெரிதும் வேறுபட்டும் நிற்பதற்கான வரலாற்றுக் காரணங்களை இக்கட்டுரை ஆராய்கிறது.

1. கிழங்கு வந்த வழி

மரவள்ளியைப் பிரேசிலிலிருந்து ஆப்பிரிக்காவின் மேற்குக் கரைக்குக் கொண்டுவந்தவர்கள் போர்த்துக்கீசியர்கள். 16ஆம் நூற்றாண்டிலேயே கொங்கோ ஆற்றுப் பகுதியில் இது பரவத் தொடங்கியது. ஆயினும் இன்றைய நைஜீரியாவின் உள்நாட்டில் இது வேரூன்றியது பெரும்பாலும் 19ஆம் நூற்றாண்டில்தான். பிரேசிலில் அடிமைகளாக வாழ்ந்து விடுதலை பெற்ற ஆப்பிரிக்கர் பலர் அந்நூற்றாண்டில் லாகோசு முதலிய கரையோர ஊர்களுக்குத் திரும்பினர். கிழங்கைத் துருவிப் பிழிந்து வறுத்து மாவுக்குருணையாக்கும் பிரேசில் முறை பரவுவதற்கு இவர்கள் பெருந்துணை புரிந்தனர். நைஜீரியாவைப் பொறுத்தவரையில் கிழங்கு முன்னே வந்தது; அதனைப் பக்குவப்படுத்தும் கைத்திறன் மனிதரோடு பின்னே வந்தது.

கேரளக் கரைக்கும் இக்கிழங்கைக் கொண்டுவந்தவர்கள் போர்த்துக்கீசியரே என்றும், அது 17ஆம் நூற்றாண்டில் நிகழ்ந்தது என்றும் கருதப்படுகிறது. ஆனால் அது பரவலான உணவாக மாறியது, 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் இராமவர்மர் காலத்தில். பயிரியலில் ஈடுபாடு மிக்கவரான இம்மன்னர் மரவள்ளி வகைகளை வெளிநாடுகளிலிருந்து தருவித்துப் பயிரிடச் செய்தார். நஞ்சு என்று மக்கள் அஞ்சிய கிழங்கை அரண்மனையில் சமைக்கச் செய்து தாமே உண்டு காட்டினார் என்னும் வாய்மொழிச் செய்தி இன்றும் வழங்குகிறது. அச்செய்தி அவ்வாறே நிகழ்ந்ததோ இல்லையோ, அன்றைய மக்களிடம் அச்சம் இருந்தது என்பதும், அவர்களுக்கு வேண்டியிருந்தது விதைக்குச்சியோடு பக்குவமும் என்பதும் அதனால் புலனாகின்றன. திருவிதாங்கூருக்குத் துருவி வறுக்கும் கைத்திறனோடு திரும்பி வந்த பிரேசில் மக்கள் எவரும் இலர். இவ்வேறுபாடே பின்னர்க் காணவிருக்கும் பக்குவ வேறுபாட்டிற்கு அடிப்படையாகும்.

2. பெயரிடல்

புதிய பொருளுக்குப் பெயரிடும்போது மக்கள் தாம் முன்பே அறிந்த பொருளொன்றைத் தலைமைச் சொல்லாக வைத்து, அதற்கு ஓர் அடையைச் சேர்ப்பது மொழிகளில் பொதுவாகக் காணப்படும் வழக்காகும். தமிழில் 'வள்ளி' என்பது காட்டிலும் மலையிலும் படரும் கொடியையும் அதன் கிழங்கையும் குறித்த பழஞ்சொல். பறம்புமலையில் உழவர் உழாமலே விளைபவற்றைக் கபிலர் எண்ணும் புறநானூற்றுப் பாட்டில் (109) வள்ளிக்கிழங்கும் ஒன்றாக இடம்பெறுகிறது. கொடியாகப் படராமல் மரம்போல் நிமிர்ந்து நிற்கும் செடியின் கிழங்கு வந்தபோது அது 'மரவள்ளி' ஆயிற்று. அடையும் தலைமைச் சொல்லும் இங்கு முரண்படுகின்றன. கொடி மரமாக முடியாது. 'வள்ளி' என்னும் சொல் கொடி என்னும் பொருளை இழந்து கிழங்கு என்னும் பொருளில் நிலைபெற்றுவிட்டது என்பதற்கு இம்முரண்பாடே சான்று.

தென்திருவிதாங்கூரில் வழங்கும் 'மரச்சீனி' என்னும் பெயரும் இவ்வாறு அமைந்ததே. தென்தமிழகத்தில் சீனிக்கிழங்கு என்பது சர்க்கரைவள்ளியைக் குறிக்கும். மரத்தில் விளையும் சீனிக்கிழங்கு மரச்சீனி ஆயிற்று. 1956 நவம்பர் 1 அன்று தமிழகத்தோடு இணைந்த கன்னியாகுமரி மாவட்டத்திலும் இப்பெயரே மக்கள் வழக்கில் உள்ளது. அரசியல் எல்லை மாறியபோது சொல்லின் எல்லை மாறவில்லை.

பிற பெயர்கள் செடியின் உறுப்பொன்றை நோக்கி எழுந்தவை. சேலம் முதலிய பகுதிகளில் இது 'குச்சிக்கிழங்கு'; திருச்சூர்ப் பகுதி மலையாளத்தில் 'கொள்ளி'. நடுவதற்குரிய தண்டின் துண்டு இவ்விரு பெயர்களுக்கும் காரணமாகும். இலையை நோக்கி எழுந்தது 'ஏழிலைக்கிழங்கு'. மலையாளத்தின் 'கப்ப', தமிழின் 'கப்பைக்கிழங்கு' என்பன கப்பல் என்னும் சொல்லோடு தொடர்புடையன என்பது பொதுவாகக் கூறப்படும் விளக்கம். நிலக்கடலையைக் 'கப்பலண்டி' என்றும், முந்திரி மரத்தைக் 'கப்பல்மாவு' என்றும் மலையாளம் வழங்குவது இவ்விளக்கத்திற்கு வலுவூட்டுகிறது. கடல்வழி வந்த பொருள்கள் பலவற்றுக்குக் கப்பலே அடையாயிற்று.

இவற்றுள் தனித்து நோக்கத்தக்கது மலபார்ப் பகுதியில் வழங்கும் 'பூள' அல்லது 'பூளக்கிழங்கு' என்னும் பெயர். மலையாளத்தில் பூள என்பது இலவமரம். கைவிரல்போல் விரிந்த இலவின் இலை மரவள்ளி இலையை ஒத்திருப்பதால் இப்பெயர் எழுந்தது எனக் கொள்ளலாம். தென்கிழக்கு நைஜீரியாவின் இக்போ மொழியில் மரவள்ளி 'அக்பு' அல்லது 'ஜி அக்பு' எனப்படுகிறது. அம்மொழியில் 'ஜி' என்பது வள்ளிக்கிழங்கு. 'அக்பு' என்பது இலவமரத்திற்கும் வழங்கும் பெயர். இலவு என்னும் அடையும் கிழங்கு என்னும் தலைமையும் கொண்ட பூளக்கிழங்கும், அதே உறுப்புகள் கொண்ட ஜி அக்புவும் அமைப்பால் இரட்டைப் பிறவிகள் போல்வன. இவ்விரு மொழிகளுக்கும் இனத்தொடர்போ கடன்தொடர்போ இல்லை. ஒரே இலையைக் கண்ட இரு மக்கள், தம் ஊரில் நின்ற ஒரே வகை மரத்தை நினைந்து, தனித்தனியே ஒரே பெயரை ஆக்கினர் என்பதே பொருந்தும். ஒற்றுமை கண்டவுடன் கடன்வாங்கல் என முடிவுகட்டும் போக்கிற்கு இது தக்க எச்சரிக்கையாகும்.

3. பக்குவம்

மரவள்ளியில் லினமாரின் என்னும் பொருள் உள்ளது. கிழங்கின் உயிரணுக்கள் சிதையும்போது அதே கிழங்கிலுள்ள நொதியொன்று இதனோடு கலந்து, ஹைட்ரஜன் சயனைடு என்னும் நஞ்சு வெளிப்படுகிறது. அது எளிதில் ஆவியாகக்கூடியது. கசப்பு வகைகளில் நஞ்சு மிகுதி. இனிப்பு வகைகளில் குறைவு. மரவள்ளியைச் சமைத்தல் என்பது எந்நாட்டிலும் இந்நஞ்சை வெளியேற்றும் முறையே.

நைஜீரிய முறை சிதைத்தலை அடிப்படையாகக் கொண்டது. காரி செய்யும்போது கிழங்கைத் தோலுரித்துத் துருவுவர்; துருவலைச் சாக்கிலிட்டுப் பாரம் ஏற்றிச் சில நாள் புளிக்கவிடுவர்; நீர் வடிந்தபின் சலித்து அகன்ற சட்டியில் வறுப்பர். சில பகுதிகளில் செம்பனை எண்ணெய் சேர்ப்பதால் காரி மஞ்சள் நிறம் பெறும். துருவும்போது நொதி நஞ்சைப் பிரிக்கிறது. பிழிதலும் வறுத்தலும் அதனை அகற்றுகின்றன. காரியைக் குளிர்ந்த நீரில் ஊறவைத்தும் உண்பர். கொதிநீரில் கிளறிக் களியாக்கினால் அது எபா. ஃபூஃபூ வேறு முறையில் ஆவது. கிழங்கை மூன்று நான்கு நாள் நீரில் ஊறப்போட்டு, அது நெகிழ்ந்தபின் பிசைந்து, நார் நீக்கி, வேகவைத்து இடிப்பர். வள்ளிக்கிழங்கை அவித்து உரலில் இடித்துக் களியாக்குவது யொருபா மக்களின் பழைய வழக்கம்; அக்களி 'இயான்' எனப்படும். மரவள்ளி அந்தப் பழைய உணவின் உருவத்தையே ஏற்றுக்கொண்டது. இக்களியைக் கையால் உருட்டிக் குழித்து, எகுசி என்னும் கொம்மட்டி இன விதை, வெண்டை, கீரை, செம்பனை எண்ணெய், மீன், இறைச்சி முதலியவற்றாலான குழம்பைத் தோய்த்து விழுங்குவர்.

திருவிதாங்கூர் முறை வேறு. இங்குக் கிழங்கைத் தோல் நீக்கித் துண்டாக்கி, நிறைய நீரில் வேகவைத்து, அந்நீரை வடித்துக் கொட்டுவர். துண்டு சிறிதாகவும் நீர் மிகுதியாகவும் இருந்தால் நஞ்சு நீரில் கரைந்து வெளியேறும். வெந்த கிழங்கில் தேங்காய், மிளகாய், மஞ்சள் அரைத்துச் சேர்த்து மசித்தால் அது 'புழுக்கு'. குடம்புளி இட்ட மீன்கறியும், காந்தாரி மிளகாய்ச் சம்மந்தியும் இதற்குத் துணை. அறுவடைக் காலத்தில் மிகுந்த கிழங்கைத் துண்டாக்கி, அரைவேக்காட்டில் இறக்கி, நீர் வடித்து, பாறையிலும் பாயிலும் வெயிலில் உலர்த்துவர்; அது 'வாட்டுக்கப்ப'. அக்கம்பக்கத்தார் கூடிச் செய்யும் இரவுப்பணியாக இது மத்தியத் திருவிதாங்கூரில் நிகழ்ந்துவந்தது.

இப்பக்குவச் சொற்கள் எவையும் கிழங்கோடு வந்தவை அல்ல என்பது கருதத்தக்கது. புழுக்கல் என்பது பழந்தமிழில் அவித்த உணவைக் குறித்த சொல். புழுங்கலரிசி என இன்றும் வாழ்கிறது. வடித்தல் சோற்றுக்குரிய வினை. வாட்டுதல் இலைக்கும் தழைக்கும் உரியது. நெல்லை அவித்து உலர்த்திப் புழுங்கலாக்கத் தெரிந்த மக்கள் கிழங்கையும் அவித்து உலர்த்தினர். சோற்றை வடிக்கத் தெரிந்தவர்கள் கிழங்கையும் வடித்தனர். நைஜீரியாவில் மரவள்ளி உரலை நாடிச் சென்றது என்றால், திருவிதாங்கூரில் அது சோற்றுப்பானையை நாடி வந்தது எனலாம். இம்முறை கசப்பு வகைகளுக்குப் போதாது. ஆதலால் இங்கே இனிப்பு வகைகளே வீட்டுணவுக்கு நிலைத்தன.

இலங்கையில் மரவள்ளியையும் இஞ்சியையும் சேர்த்து உண்ணலாகாது என்னும் விலக்கும், பானையை மூடாமல் அவிக்க வேண்டும் என்னும் வழக்கும் உள்ளன. பின்னதற்குக் காரணம் வெளிப்படை. ஆவியாகும் நஞ்சு வெளியேற வேண்டும். இரு நாடுகளிலும் கிழங்கிற்கு மீன் துணையாக அமைந்திருப்பதும் பொருளுடையது. மரவள்ளியில் புரதம் மிகக் குறைவு. உடலில் சேரும் சிறிதளவு சயனைடைத் தீங்கற்ற பொருளாக மாற்றக் கந்தகம் கொண்ட அமினோ அமிலங்கள் வேண்டும். அவற்றை மீன் தருகிறது.

4. பஞ்சமும் மதிப்பும்

நைசர் ஆற்றின் கீழ்ப்பகுதியில் மரவள்ளி பெருகியதற்கு 1918-19ஆம் ஆண்டுகளின் இன்ஃபுளுவென்சாக் கொள்ளைநோய் ஒரு காரணம் என வரலாற்றாய்வாளர் ஒகாடிகே காட்டியுள்ளார். உழைக்கும் கைகள் மறைந்தபோது, மிகுந்த உழைப்பைக் கோரும் வள்ளிக்கிழங்கைப் பேண இயலவில்லை. குறைந்த உழைப்பில் எம்மண்ணிலும் விளையும் மரவள்ளி அவ்விடத்தைப் பிடித்தது.

திருவிதாங்கூருக்கு அத்தகைய காலம் 1942இல் வந்தது. அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் இரங்கூன் சப்பானியர் வசமாயிற்று. பர்மா அரிசியின் வரவு நின்றது. இறக்குமதி அரிசியைப் பெரிதும் நம்பியிருந்த திருவிதாங்கூரில் பங்கீட்டு அரிசி போதாத நிலையில், வயிற்றை நிறைத்தது மரச்சீனியே. அதே போர்க்காலத்தில் மலேயாவிலிருந்து வந்த சவ்வரிசியும் நின்றது. சேலத்தில் மரவள்ளி மாவிலிருந்து அதனைச் செய்யும் தொழில் எழுந்தது. முன்பு பனையினத்து மரத்தின் சோற்றிலிருந்து எடுக்கப்பட்ட பொருளின் பெயர், பொருள் மாறிய பின்னும் மாறாமல் நிலைத்தது.

பசியைப் போக்கிய கிழங்கு அதற்கேற்ற மதிப்பைப் பெறவில்லை. இக்போ மக்களிடையே வள்ளிக்கிழங்கு ஆடவரின் பயிர். அதன் புத்தறுவடைக்கு 'இரி ஜி' என்னும் விழா உண்டு. மரவள்ளி பெண்களின் பயிராக, விழாவின்றி வளர்ந்தது. கேரளத்தில் திருவாதிரைப் புழுக்கில் காச்சில், சேம்பு, சேனை, கூர்க்கை முதலிய பழங்கிழங்குகள் இடம்பெறுகின்றன. மரச்சீனிக்கு அங்கே மரபான இடமில்லை. ஓண இலையிலும் இல்லை. வள்ளி என்றும் சீனி என்றும் பெயர்வழியே பழங்கிழங்குகளின் குடும்பத்தில் சேர்க்கப்பட்ட மரவள்ளி, சடங்கில் சேர்க்கப்படவில்லை. மொழி காட்டிய தாராளத்தைச் சமூகம் காட்டவில்லை.

5. இபாதானிலிருந்து திருவனந்தபுரம்

திருவனந்தபுரத்தை அடுத்த சிரீகாரியத்தில் 1963இல் மத்தியக் கிழங்குப்பயிர் ஆராய்ச்சி நிலையம் நிறுவப்பட்டது. நைஜீரியாவின் இபாதானில் 1967இல் பன்னாட்டு வெப்பமண்டல வேளாண்மை நிறுவனம் தோன்றியது. சிரீகாரியம் நிலையம் 1971இல் வெளியிட்ட எச்-165, எச்-226 முதலிய கலப்பினங்கள் தமிழகத்து ஆலைகளுக்குரிய பயிராயின. 1977இல் வெளியான வகையொன்று 'சிரீ விசாகம்' எனப் பெயர் பெற்றது. கிழங்கைப் பரப்பிய மன்னரை அப்பெயர் நினைவூட்டுகிறது.

ஆப்பிரிக்காவிலும் இந்தியாவிலும் மரவள்ளியைத் தாக்கும் பெருநோய் இலைத்தேமல். இதனைத் தாங்கும் வகையொன்று இபாதானிலிருந்து திருவனந்தபுரத்திற்குத் தருவிக்கப்பட்டது. நைஜீரியாவைச் சுட்டும் எம்என்ஜிஏ-1 என்னும் குறியீட்டோடு வந்த அது, 2006இல் தமிழகத்திற்கென வெளியிடப்பட்டபோது 'சிரீ பத்மநாபா' எனப் பெயரிடப்பட்டது. அது திருவனந்தபுரத்துப் பெருங்கோயிலின் இறைவன் பெயர். நைஜீரியக் கிழங்கு ஒன்று, கோயில்நகரின் பெயரைத் தாங்கித் தமிழ்நாட்டு வயல்களுக்குச் சென்றது. முற்காலத்தில் மக்கள் மரத்தையும் கொடியையும் குச்சியையும் நோக்கிப் பெயரிட்டனர். இக்காலத்தில் நிறுவனம் மன்னரையும் இறைவனையும் நோக்கிப் பெயரிடுகிறது. எனினும் அயலதனைத் தமதாக்கும் நோக்கம் இரண்டிற்கும் பொதுவானது.

முடிவுரை

பெயரிடலுக்குக் கண் போதும்; பக்குவத்திற்கு முன்பழக்கம் வேண்டும். இரு நாட்டு மக்களும் ஒரே செடியைக் கண்டதால் பெயர்கள் ஒத்தன. உரலும் சோற்றுப்பானையும் வெவ்வேறு பழக்கங்களுக்குரியவை ஆதலால் பக்குவங்கள் பிரிந்தன. இதுவே மேற்கண்ட ஒப்பீட்டால் பெறப்படுவது.

இதில் அடங்கியுள்ள அறிவு ஏட்டளவில் நிற்பதன்று. 1981இல் மொசாம்பிக்கில் கடும் வறட்சி நேர்ந்தபோது, போதிய பக்குவமின்றிக் கசப்பு மரவள்ளியை உண்ட ஆயிரத்திற்கும் மேற்பட்டோர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், கால் முடங்கினர். நைஜீரியாவிலும் பக்குவம் குறைந்த மரவள்ளியை நெடுநாள் உண்டோரிடம் காணப்பட்ட நரம்பு நோயை 1960களில் மருத்துவ அறிஞர் ஓசுன்டோகுன் ஆராய்ந்தார். ஊறப்போடு, பிழி, வடி, வாட்டு என்னும் வினைகளை உரிய காலமும் அளவும் அறிந்து செய்வதே உண்போரைக் காத்துவந்தது.

கேரளத்தில் 1970களின் நடுப்பகுதியில் மூன்று இலட்சம் ஹெக்டேருக்கு மேற்பட்டிருந்த மரவள்ளிப் பரப்பு, இன்று அதில் நான்கிலொரு பங்கிற்கும் குறைந்துவிட்டது. அந்நிலங்களில் பலவற்றை ரப்பர் பிடித்துக்கொண்டது. ஒருகாலத்தில் வறுமையின் அடையாளமாயிருந்த கப்பையும் மீனும் இன்று உணவகங்களின் சிறப்புணவாகியுள்ளன. உணவகத்தோடு 'கப்ப' என்னும் ஒரே பெயர் எங்கும் பரவுகிறது. கொள்ளி, பூள, மரச்சீனி என்னும் வட்டார வழக்குகள் முதியோர் நாவில் ஒதுங்குகின்றன. உணவகம் கிழங்கைக் காக்கலாம். கிழங்கை வாட்டிய இரவையும், எத்தனை முறை நீர் மாற்ற வேண்டும் என்னும் கணக்கையும், அவற்றிற்குரிய சொற்களையும் அது காக்கும் என்று கொள்வதற்கில்லை. பயிரியலார் கிழங்கின் வகைகளைச் சேகரித்துக் காப்பதுபோல, வட்டார வழக்காய்வாளர் அதன் பெயர்களையும் பக்குவ வினைகளையும் திருவனந்தபுரம் முதல் சேலம் வரையிலும், யாழ்ப்பாணத்திலும் தொகுத்து வைப்பது உடனடியாகச் செய்யத்தக்க பணியாகும். தம் சமையற்கட்டில் இவ்வினைகளைக் கையாண்ட தலைமுறை இன்னும் வாழ்கிறது.